மணவாளக்குறிச்சி மணலும் நம் இயற்பியல் வகுப்புகளும்

(தேசிய அறிவியல் நாளையொட்டி மணவாளக்குறிச்சியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இயற்பியலைக் கல்லூரியில் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம், எப்படிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு. இளநிலை முதலாண்டு வகுப்பிலிருந்து முனைவர் பட்டக் கருத்தரங்கு வரைக்கும் ஒரு பாதை இருக்கிறது. அந்தப் பாதையைப் பற்றிப் பேச மணவாளக்குறிச்சியைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. ஊருக்கு வந்த இடத்தில் சொல்லும் உபசார வார்த்தை அல்ல இது, காரணங்களோடு சொல்கிறேன்.

1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் இந்தக் கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டறிந்தார். திருவிதாங்கூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணல்தான் அவருக்குத் துப்புக் கொடுத்தது என்று சொல்வார்கள். அன்று ஐரோப்பியத் தெருவிளக்குகளின் வலைத்திரிகளுக்குத் தோரியம் வேண்டியிருந்தது. மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. நம் கடற்கரை மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு ஏறத்தாழ 8 முதல் 9 விழுக்காடு. அதன்பிறகு இங்கே மணல் ஆலை வந்தது. இந்திய அருமணல் நிறுவனம் (ஐ.ஆர்.இ.) 1950இல் தொடங்கப்பட்டு, 1963இல் முழு அரசு நிறுவனமாகி, அதன் பிறகு இந்த ஆலையையும் தன் கைக்குள் கொண்டுவந்தது. இன்றைக்கும் ஊரில் யாரைக் கேட்டாலும் 'ஐ.ஆர்.இ.' என்று கைகாட்டுவார்கள்.

இது ஊரின் வரலாறு. இதற்குள் ஒரு பல்கலைக்கழகப் பாடத்திட்டம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அதை இன்னும் நாம் வகுப்பறைக்குள் கொண்டுபோகவில்லை.

ஆலையில் நடக்கும் வேலையைப் பாருங்கள். வள்ளியாறு மலையிலிருந்து கொண்டுவந்ததும் கடல் அலை அரித்துச் சேர்த்ததுமான கருமணலில் ஆறு தாதுக்கள் முக்கியமானவை: இல்மனைட், ரூடைல், சிர்கான், மோனசைட், கார்னட், சில்லிமனைட். எல்லாம் கடுகைவிடச் சிறிய மணிகள். ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. இவற்றை எப்படிப் பிரிக்கிறார்கள்? முக்கியமாக மூன்று பண்புகளை வைத்து. அடர்த்தி, மின்கடத்தும் தன்மை, காந்தத் தன்மை. சாதாரண வெள்ளை மணலின் அடர்த்தி, தண்ணீரைப் போல 2.65 மடங்கு. இல்மனைட், சிர்கான் இரண்டும் நாலரை மடங்குக்கு மேல். ஓடும் நீரில் சுருள் தொட்டி வழியாக விட்டால் கனமானது உள்பக்கம் தங்கும், லேசானது வெளியே போகும்.

அடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். உலர்ந்த மணலை, தரையோடு மின்தொடர்பு கொடுத்த ஓர் உலோக உருளையின்மேல் மெல்லிய படலமாகக் கொட்டுகிறார்கள். பக்கத்தில் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தத்தில் ஒரு கம்பி. அது ஒவ்வொரு மணியின்மேலும் மின்னூட்டத்தைத் தூவுகிறது. இல்மனைட்டும் ரூடைலும் மின்சாரத்தைக் கடத்தும். தம் மின்னூட்டத்தை அந்தக் கணமே உருளையிடம் கொடுத்துவிட்டு, உருளை சுழலும் வேகத்தில் தூக்கி எறியப்படும். மோனசைட்டும் சிர்கானும் கடத்தாது. மின்னூட்டம் மணியிலேயே தங்கிவிடும். அந்த மின்னூட்டத்துக்கு எதிராக உலோகத்துக்குள் ஒரு பிம்ப மின்னூட்டம் இருப்பதுபோல் ஓர் ஈர்ப்பு விசை தோன்றும். மணி உருளையிலேயே ஒட்டிக்கொண்டு சுற்றிவரும். பின்பக்கம் ஒரு பிரஷ் அதை வழித்துத் தள்ளும்.

பி.எஸ்ஸி. மாணவர்களே, 'மின் பிம்ப முறை' என்று உங்கள் மின்னியல் தாளில் ஒரு பாடம் வரும். பத்து மதிப்பெண் வினா. முடிவிலாத் தளம், அதன் முன்னால் ஒரு புள்ளி மின்னூட்டம், விசையைக் கணக்கிடுக. ஆண்டுதோறும் நாஞ்சில் நாட்டுக் கல்லூரிகளில் எத்தனையோ பேர் இதைத் தப்பில்லாமல் எழுதித் தேறுகிறார்கள். அந்தச் சமன்பாடு, பேருந்தில் போய்ச் சேரும் தூரத்தில் ஒரு நாளைக்கு டன் கணக்கில் மணலைப் பிரித்துக்கொண்டிருக்கிறது என்று அவர்களில் எத்தனை பேருக்கு நாம் சொன்னோம்?

பிறகு காந்தம். கடத்தும் இரண்டில் இல்மனைட்டைக் காந்தம் இழுக்கும், ரூடைலை இழுக்காது. கடத்தாதவற்றில் கார்னட்டும் மோனசைட்டும் இழுபடும், சிர்கானும் சில்லிமனைட்டும் இழுபடாது. ஆறும் நான்கு கூட்டமாகப் பிரிந்தாகிவிட்டது. இங்கே நல்ல மாணவன் ஒரு கேள்வி கேட்பான்: மோனசைட்டைக் காந்தம் ஏன் இழுக்கிறது? அதில் இரும்பு இல்லையே. தோரியமும் அந்த நிலையில் காந்தத் தன்மை காட்டாது. விடை, மோனசைட்டிலுள்ள சீரியம், நியோடிமியம் போன்ற அருமண் தனிமங்களில் இருக்கிறது. அவற்றின் உள்கூட்டில் இணை சேராத எலெக்ட்ரான்கள் உண்டு. இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் முதுநிலை குவாண்டம் இயக்கவியல் வகுப்பில் போய் நிற்போம். அதற்கும் அப்பால் போனால், வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனிடம் போய்ச் சேருவோம். ராமன் விளைவில் ராமனோடு உழைத்த அதே கிருஷ்ணன், அதன்பின் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போய், படிகங்களை மெல்லிய இழையில் காந்தப்புலத்துக்குள் தொங்கவிட்டு, எந்தத் திசையில் எவ்வளவு காந்தமாகின்றன என்று அளந்தார். பெரிய செலவு பிடிக்கும் கருவிகள் இல்லை. இழை எவ்வளவு முறுக்கேறுகிறது என்பதுதான் அளவு. உலகம் அந்த அளவீடுகளைத் திரும்பிப் பார்த்தது.

கிருஷ்ணனைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். கல்கத்தா போவதற்குமுன் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் துறையில் செய்முறை விளக்குநராக இருந்தார். மதிய உணவு இடைவேளையில் மாணவர்களைக் கூட்டிவைத்து, இயற்பியலோ வேதியியலோ கணிதமோ, எதைப் பற்றி வேண்டுமானாலும் கேளுங்கள் என்று உட்காருவார். மற்றக் கல்லூரி மாணவர்களும் வந்து சேர்ந்தார்கள். அட்டவணையில் இல்லாத வகுப்பு. மதிப்பெண் கிடையாது, வருகைப்பதிவு கிடையாது. ஆனாலும் கூட்டம் வந்தது. நம் பல்கலைக்கழக இயற்பியலின் மிகச் சிறந்த ஆசிரியப் பணிகளில் ஒன்றாக அந்த இடைவேளையை நான் மதிக்கிறேன்.

இப்போது நம் வகுப்பறைக்கு வருவோம். முதலாண்டு மாணவன் செய்முறைக் கூடத்துக்குள் வருகிறான். பெரும்பாலும் தமிழ் வழிப் பள்ளியில் படித்து வந்தவன், வீட்டில் முதல் பட்டதாரி. அவனுக்கு நாம் கொடுக்கும் முதல் சோதனைகளில் ஒன்று தனி ஊசல். ஈர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடி என்கிறோம். அவன் நூலைக் கட்டி, நீளத்தை அளந்து, ஊசலாட்டங்களை எண்ணி, கணக்குப் போட்டால் 9.78 வருகிறது. புத்தகத்தில் 9.8 என்று இருக்கிறது. பக்கத்து மேசைக்காரன் 9.81 காட்டுகிறான். இவன் பயந்துபோய் ரீடிங்கைத் திருத்துகிறான். ரெக்கார்டு நோட்டில் 9.81 ஏறுகிறது. கையெழுத்து விழுகிறது.

நண்பர்களே, இந்த ஊரில் சரியான விடை 9.78தான்! பூமி துருவங்களில் சற்றுத் தட்டையாக இருப்பதாலும், தன்னைத்தானே சுற்றுவதாலும் நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் ஈர்ப்பு முடுக்கம் குறைவு. நாம் இருப்பது ஏறத்தாழ 8 பாகை வட அகலாங்கில். 9.81 என்பது லண்டன் போன்ற ஊர்களின் எண். நேர்மையாக அளந்த மாணவன் தன் ஊரின் ஈர்ப்பைக் கண்டுபிடித்திருக்கிறான். நாம் அவனை லண்டன் எண்ணுக்குத் திருத்துகிறோம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம் தாங்காது.

இதிலே கற்றுக்கொடுக்க எவ்வளவு இருக்கிறது! 9.81க்கும் 9.78க்கும் வேறுபாடு ஆயிரத்தில் மூன்று பங்கு. ஒரு மீட்டர் நூலில் 3 மில்லிமீட்டர் தவறினால் அந்த வேறுபாடே காணாமல் போய்விடும். ஐம்பது ஊசலாட்டத்துக்கு இரண்டு மதிப்புகளுக்கும் இடையே உள்ள நேர வேறுபாடு ஒரு வினாடியில் ஏழில் ஒரு பங்கு அளவுதான். நிறுத்து கடிகாரத்தை விரலால் அமுக்கும் தாமதமே அவ்வளவு இருக்கும். அப்படியானால் எத்தனை ஊசலாட்டம் எண்ண வேண்டும்? நூலின் நீளத்தை எங்கிருந்து எங்குவரை அளக்க வேண்டும்? குண்டின் மையம் எது? இந்தக் கேள்விகளோடு ஒரு மாதம் அந்தச் சோதனையிலேயே இருக்கட்டும். பதினைந்து சோதனை முடிக்க வேண்டும் என்று பாடத்திட்டம் சொல்லலாம். பதினைந்தையும் ஓட்டமாக ஓடி முடிப்பதைவிட, ஐந்தைச் செய்து அவற்றின் பிழை எல்லையைச் சொல்லத் தெரிந்தவன் இயற்பியலுக்குள் வந்துவிட்டான் என்பேன்.

"சார், ரீடிங் சரியா வரல்ல, என்ன எழுதட்டும்?" என்று கேட்கிற பிள்ளையிடம், "என்ன வந்துதோ அத எழுது மக்களே, ஏன் அப்படி வந்துதுன்னு பொறவு பாப்போம்" என்று சொல்லும் ஆசிரியர் ஒருவர் போதும். அந்த ஒரு வாக்கியம் அவனை மூன்றாண்டு காப்பாற்றும்.

அதே ஊசல் எங்கே போகிறது பாருங்கள். நம் குமரிமுனைக்கும் இலங்கைக்கும் தெற்கே, இந்தியப் பெருங்கடலில், பூமியின் ஈர்ப்பு எதிர்பார்ப்பதைவிடக் குறைந்த பெரும்பரப்பு ஒன்று இருக்கிறது. அங்கே கடல்மட்டம், இருக்க வேண்டிய அளவைவிட நூறு மீட்டருக்கு மேல் தாழ்ந்திருக்கிறது. ஏன் என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2023இல் ஒரு விளக்கம் வெளியிட்டார்கள்: பூமியின் ஆழத்திலிருந்து எழும் வெப்பமான, அடர்த்தி குறைந்த பாறைப் பொருளின் ஓட்டங்களே காரணம் என்று கணினி மாதிரிகளைக் கொண்டு காட்டினார்கள். முதலாண்டு ஊசலும் அந்த ஆய்வுக் கட்டுரையும் கேட்பது ஒரே கேள்வி: இந்த இடத்தில் ஈர்ப்பு எவ்வளவு, ஏன்?

அதனால்தான், தொடக்க வகுப்பு வேறு, ஆய்வு வேறு என்று சுவர் எழுப்புவதை நான் ஏற்பதில்லை. கணக்கின் கடினம் கூடும், உண்மைதான். ஆனால் உண்மையான வேறுபாடு, விடை யார் கையில் இருக்கிறது என்பதில்தான். முதலாண்டில் விடை ஆசிரியரிடம் இருக்கிறது, மாணவனுக்கும் அது தெரிந்துவிடுகிறது. முனைவர் பட்டக் கருத்தரங்கில் விடை யாரிடமும் இல்லை, இருக்கக் கூடாது. பதினேழு வயதிலிருந்து ஐந்தாண்டு விடை தெரிந்த கேள்விகளையே கேட்டுப் பழகியவனைத் திடீரென்று ஒரு நாள் விடை தெரியாத கேள்வியின் முன் நிறுத்துகிறோம். அவன் திகைத்து நிற்கிறான். நெட் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்தவன்கூட முதல் ஆண்டில் நெறியாளரின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். குற்றம் அவனுடையது அல்ல.

மணலுக்குத் திரும்புவோம். கதிரியக்கத்தைப் பாடமாக நடத்துகிறோம். முருகேசனின் 'மாடர்ன் பிசிக்ஸ்' எங்கள் தலைமுறை முதல் இன்றைய பிள்ளைகள் வரை எல்லோர் கையிலும் இருக்கிறது, நல்ல புத்தகம். தோரியம் வரிசை, ஆறு ஆல்பா, நான்கு பீட்டா, முடிவில் காரீயம் 208 என்று மனப்பாடம் செய்கிறார்கள். தோரியத்தின் அரை ஆயுள் 1,405 கோடி ஆண்டு. பிரபஞ்சத்தின் வயதே ஏறத்தாழ 1,380 கோடிதான். அரை ஆயுள் என்ற கருத்துக்கே வழிகாட்டியது தோரியம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரூதர்போர்டு, தோரியத்திலிருந்து வெளியேறும் ஒரு வாயுவின் கதிரியக்கம் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதை 1900இல் வெளியிட்டார். தனிமங்கள் மாறுகின்றன என்ற துணிச்சலான முடிவுக்கு அவரும் உடன் ஆராய்ந்த சாடியும் 1902இல் வந்ததும் தோரியத்தை ஆராய்ந்துதான். அந்தத் தனிமம் நம் காலடியில் கிடக்கிறது.

இளநிலை மாணவர்களை ஒரு கைகர் எண்ணியோடு கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். தாதுவைப் பிரித்து எடுத்துவர வேண்டாம். மோனசைட் அணுசக்தித் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள பொருள். மணல் கிடக்கும் இடத்திலேயே அளக்கலாம். வெள்ளை மணலில் ஒருமுறை, கருமணல் படிந்த இடத்தில் ஒருமுறை, ஊருக்குள் ஒருமுறை. 400 எண்ணிக்கை வந்தால் அதன் நிச்சயமின்மை 20, அதாவது 5 விழுக்காடு. ஒரு விழுக்காட்டுக்குக் குறைக்க வேண்டுமென்றால் 10,000 எண்ணிக்கை வேண்டும். அதுவரை வெயிலில் பொறுமையாக நிற்க வேண்டும். அந்தப் பொறுமையைக் கற்றவனுக்குப் புள்ளியியல் வாழ்நாளில் மறக்காது. முதுநிலைக்கு வந்தபின் அதே மணலுக்கு காமா நிறமாலை எடுக்கட்டும். 2,614 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் தாலியம் 208 தனியாக உச்சி காட்டும். சங்கிலியின் கடைசிக் கண்ணிகளில் ஒன்று, பெற்றோர் அணுவான தோரியத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

முனைவர் பட்டத்துக்கு? கேள்வி தயாராக இருக்கிறது. மோனசைட்டும் சிர்கானும் ஒரே கடற்கரையில் கிடக்கின்றன. இரண்டிலும் கதிரியக்க அணுக்கள் உள்ளன. ஒவ்வொரு ஆல்பாச் சிதைவிலும் எதிர்த்து உதைபடும் அணு தன்னைச் சுற்றிய படிக ஒழுங்கைக் குலைக்கிறது. யுரேனியம் மிகுந்த சிர்கான் காலப்போக்கில் படிகத் தன்மையையே இழந்துவிடும். மோனசைட்டோ அதைவிட எத்தனையோ மடங்கு தோரியத்தைச் சுமந்துகொண்டு, நம் பகுதியில் 50 கோடி ஆண்டுக்கு மேல், இன்னும் படிகமாகவே இருக்கிறது. தன் காயத்தைத் தானே எப்படி ஆற்றிக்கொள்கிறது? அணு உலைக் கழிவை நீண்ட காலம் பத்திரமாகப் பூட்டிவைக்க விரும்பும் உலகத்து ஆய்வகங்கள் இந்தக் கேள்வியைத்தான் கேட்கின்றன. அதே தோரியம் எரிபொருளுக்கும் வழி: கல்பாக்கத்தில் 1996 முதல் இயங்கிய 'காமினி' என்ற சிறிய ஆய்வு உலை, தோரியத்திலிருந்து உண்டாக்கிய யுரேனியம் 233ஐ எரிபொருளாகக் கொண்டது. 1954இல் ஹோமி பாபா வரைந்த மூன்று கட்ட அணுமின் திட்டத்தின் கடைசிக் கட்டம் தோரியத்தை நம்பியே இருக்கிறது.

இந்தக் கரையில் வாழும் மக்களுக்கு ஓர் அச்சம் இருப்பது எனக்குத் தெரியும். மணலால் நோய் வருகிறதா என்று கேட்கிறார்கள். மணல் எடுக்கும் திட்டங்கள் பற்றிய கேள்வியும் கூடவே எழுகிறது. கேரளத்தின் கருநாகப்பள்ளியில் பல ஆண்டுகள் மக்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2009இல் வெளியானது. இயற்கைக் கதிர்வீச்சு கூடுவதோடு புற்றுநோய் கூடியதாக அது காணவில்லை. அதைக் காட்டி மக்களின் வாயை அடைப்பது அறிவியல் ஆகாது. அந்த ஆய்வு எத்தனை பேரைப் பார்த்தது, எவ்வளவு சிறிய விளைவைக் கண்டுபிடிக்கும் திறன் அதற்கு இருந்தது, அந்தக் கரையின் முடிவு இந்தக் கரைக்கு எவ்வளவு பொருந்தும் என்றெல்லாம் கேட்கத் தெரிந்த பிள்ளைகள் மணவாளக்குறிச்சியிலிருந்தும் கடியப்பட்டணத்திலிருந்தும் சின்னவிளையிலிருந்தும் வர வேண்டும். அளந்து பேசும் மீனவர் வீட்டுப் பெண் ஒருத்தி எழுந்து நின்றால், ஆலைக்காரரும் கேட்பார், அரசும் கேட்கும்.

கருத்தரங்கு எப்படி நடக்க வேண்டும் என்பதற்கும் நம்மிடமே ஒரு சான்று உண்டு. இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணன் பிரின்ஸ்டனில் ஓராண்டு இருந்துவிட்டு 1958இல் சென்னை திரும்பியபின், மயிலாப்பூர் லஸ்ஸில் உள்ள தம் குடும்ப வீடான ஏகாம்ர நிவாசத்தில் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கு தொடங்கினார். இளம் மாணவர்கள் அன்று வெளிவந்த ஆய்வுத் தாள்களை ஒவ்வொருவராக எடுத்துச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் குறுக்கே கேட்பார்கள். 1960இல் சென்னை வந்த நீல்ஸ் போர் அந்த இளைஞர் கூட்டத்தைப் பார்த்துப் பாராட்டினார். 1962 ஜனவரி 3ஆம் நாள் கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது அந்த வீட்டுக் கருத்தரங்கிலிருந்துதான். கட்டடம் பிறகு வந்தது. கேள்வி முதலில் வந்தது.

நம் நிலைமையோ வேறு. நாகர்கோவிலைச் சுற்றியுள்ள கல்லூரிகள் ஒரு காலத்தில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தோடு இருந்தன. பிறகு சென்னை, பிறகு மதுரை, 1990க்குப் பின் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம். பல்கலைக்கழகம் மாறும்போதெல்லாம் பாடத்திட்டம் மாறியது. செமஸ்டர் வந்தது, இன்டர்னல் வந்தது, கிரெடிட் வந்தது. கருத்தரங்கு மட்டும் மாறவில்லை. ஆய்வு மாணவர் திரையில் படங்களைக் காட்டி வாசிப்பார், தேர்வாளர் இரண்டு கேள்வி கேட்பார், அவற்றில் ஒன்று எழுத்துப்பிழை பற்றியதாக இருக்கும், தேநீர் வரும். இது நமக்குப் போதாது. பேசுபவரைப் பாதியில் நிறுத்தி, கரும்பலகையில் எழுதிக் காட்டச் சொல்ல வேண்டும். தமிழில் விளக்கச் சொல்ல வேண்டும்; ஆங்கிலச் சொற்றொடருக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் குழப்பம், வீட்டு மொழியில் பேச வைத்தால் வெளியே வந்துவிடும். முதலாண்டுப் பாடத்திலிருந்து ஒரு கேள்வி கண்டிப்பாகக் கேட்க வேண்டும். "உங்கள் மெல்லிய படலத்தின் தடிமனை எப்படி அளந்தீர்கள், அதன் பிழை என்ன?" என்று கேட்டால் போதும், ஆய்வேட்டின் உண்மை நிலை எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

இந்த அவையில் ஆய்வு நெறியாளர்கள் சிலர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் துறையில் அடுத்து நடக்கும் முனைவர் பட்டக் கருத்தரங்குக்குப் பக்கத்துக் கல்லூரி பி.எஸ்ஸி. மாணவர் பத்துப் பேரையாவது அழையுங்கள். பேருந்துக் கட்டணத்தைத் துறை கொடுக்கட்டும். முன்வரிசையில் உட்கார வையுங்கள். பேச்சு முடிந்ததும் முதல் கேள்வி அவர்களுடையதாக இருக்கட்டும். அவர்கள் கேட்டு முடிக்கும்வரை பேராசிரியர்கள் யாரும் வாய் திறக்க வேண்டாம்.